கொட்டையில வந்த மாங்கன்னு, பப்பாளி, எலுமிச்சை... வச்சுக்கவா புடுங்கிரவா?

ஆனையூர் செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். இம்புட்டு நாளா நீங்க எழுதுறத படிச்சுட்டு போயிட்டே இருந்தேன், இன்னிக்குத்தான் கேக்குறேன். எங்க வீடு மதுரை ஆனையூர்ல, பின்னாடி ஒரு ரெண்டு சென்ட் சும்மா கெடக்கு, செம்மண்ணு, போர் தண்ணி கொஞ்சம் உப்பு. விசயம் என்னன்னா எங்க அம்மாச்சி வீடு பாலமேட்டுக்கு அங்கிட்டு, வாசல்லயே ஒரு மாமரம் நிக்கிது. என்ன ரகம்னு ஒருத்தருக்கும் தெரியாது, நாங்க குண்டு மாங்கான்னு சொல்லுவோம், நாரே இருக்காது, தோலு மெலிசு, காயா கடிச்சாலும் பல்லு கூசாது. அந்த வீட்ட மாமா வித்துட்டாரு, ஆவணில பத்திரம், வாங்குறவங்க இடிச்சுட்டு புதுசா கட்டப்போறாங்களாம், மரம் நிக்காது.

போன வருசமே அந்த மரத்து கொட்டைய போட்டு மூணு கன்னு வந்து இப்ப தரையில முழங்கா உசரம் நிக்கிது, இந்த வருசமும் வைகாசில கொட்டை போட்டு கவர்ல ஒரு ஏழெட்டு முளைச்சிருக்கு, செம்பு கலர்ல எலை விட்டு அழகா இருக்கு. பக்கத்து வீட்டு சார் வந்து பாத்துட்டு, கொட்டையில வந்தது தாய்மரம் மாதிரி காய்க்காதும்மா, பத்து வருசம் தண்ணி ஊத்தி புளிமாங்கா திங்கப்போற, புடுங்கிப் போட்டுட்டு ஒட்டுக்கன்னு வையின்னுட்டாரு. அதுல இருந்து மனசே சரியில்ல. நெசமாவே அந்த ருசி வராதா?

இன்னொன்னு, மார்க்கெட்ல வாங்குன பப்பாளிப்பழத்து விதையும் நெறைய முளைச்சு கெடக்கு, விதையில வந்த எலுமிச்சை ஒண்ணு முள்ளா நிக்கிது பூவே காணோம், சீத்தாப்பழ கொட்டையும் எடுத்து வச்சிருக்கேன். இதுல எத வைக்கலாம் எத வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மொட்டமாடி விவசாயி:

சார் சொன்னது கரெக்ட் சிஸ்டர். ஒட்டுக்கன்னு 3, 4 வருசத்துல காய்ச்சுரும், கொட்டைக்கன்னு 6ல இருந்து 10 வருசம், அதுவும் என்ன காய்க்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். ரெண்டு சென்ட்ல எதுக்கு ரிஸ்க். இமாம்பசந்த் ஒண்ணு செந்தூரம் ஒண்ணு வாங்கி வச்சுட்டு போய்ட்டே இருங்க.

கரிசல்காட்டான்:

மொட்டமாடி தம்பி, நீங்க சொல்ற இமாம்பசந்த் எங்க இருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா? மல்கோவா, பங்கனபள்ளி, அல்போன்சா எல்லாமே என்னைக்கோ ஒரு காலத்துல எவனோ துப்புன கொட்டையில தானா வந்த மரந்தான், ருசியா இருக்கவும் புடிச்சு வச்சுக்கிட்டாய்ங்க. எங்க திருமங்கலம் பக்கம் கரிசல்ல ஒட்டுமரம் ரெண்டு கோடை தண்ணி இல்லாட்டி வாடிப்போகும், கொட்டை மரம் ஆணிவேர் எறக்கி நிக்கும் பாத்துக்கங்க. கவர்லயே வச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா அந்த ஆணிவேர் கவருக்குள்ளயே சுருண்டு போகும், அதுக்கப்புறம் கொட்டைக்கன்னுக்குன்னு ஒரு பெருமையும் கெடையாது, அதனால வைக்கிறதுன்னா எடத்துலயே கொட்டைய போடணும், இல்ல சின்னதுலயே எறக்கிரணும். தங்கச்சி, புடுங்காதீங்க.

நத்தம் தோப்புக்காரன்:

ரெண்டு பேரும் பாதி பாதி சொல்றீங்க. அந்தம்மா கேக்குறது ரகம் இல்ல, அவுக அம்மாச்சி வீட்டு மரம். அதுக்கு பதில் சொல்லுவோம்.

செல்வி, மாவுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு, கொட்டைக்குள்ள ஒரே ஒரு கருதான் இருக்கும், அது பூவுல மகரந்தம் சேந்து உண்டான கரு, அதாவது தாய் உங்க மரம், தகப்பன் எந்த மரமோ, காத்துலயும் ஈயிலயும் வந்தது, பக்கத்து வீட்டு புளிமாங்காயா கூட இருக்கலாம். நம்ம ஊர்ல விக்கிற கல்லாமை, பங்கனபள்ளி, இமாம்பசந்த், நீலம், மல்கோவா எல்லாம் இந்தச் சாதிதான். இதுல கொட்டை போட்டா வர்றது பிள்ளை, தாய் இல்ல. பிள்ளை தாய விட நல்லாவும் இருக்கலாம், கரிசல் அண்ணன் சொல்றது அத தான், ஆனா அப்பிடி ஒண்ணு கெடைக்கிறதுக்குள்ள நூத்துக்கணக்குல சுமாரான மரம் வந்திருக்கும், அத எல்லாம் யாரும் பேர் வச்சு கூப்புடல.

இன்னொரு சாதி கேரளா பக்கம் ஜாஸ்தி, ஒளூர், மூவாண்டன், குறுக்கன், வெள்ளைக்கொலம்பான்னு. அதுல ஒரு கொட்டைக்குள்ள பல கரு இருக்கும், ஒண்ணே ஒண்ணுதான் மகரந்தத்துல வந்தது, மத்தது எல்லாம் தாயோட சதையில இருந்தே வர்றது, அச்சு அசல் தாய்மரந்தான். அந்த மாதிரி ரகத்த கொட்டையில போட்டே வளக்கலாம், ஒட்டே வேணாம்.

உங்க குண்டு மாங்கா எந்தச் சாதின்னு நீங்களே பாக்கலாம். இந்த வருசம் முளைச்ச கவர்கள்ல ஒரு கொட்டையில இருந்து ஒரே தண்டு வந்திருக்கா, இல்ல ரெண்டு மூணு தண்டு தனித்தனியா வந்திருக்கான்னு பாருங்க. மண்ண லேசா விலக்கி அடியில பாக்கணும், ஏன்னா ஒரே தண்டு அடியிலயே ரெண்டா பிரிஞ்சாலும் மேல பாக்க ரெண்டு கன்னு மாதிரி தெரியும். தனித்தனி வேரோட இருந்தா அது பல கரு. பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம் மத்தது.

ஆனையூர் செல்வி:

இப்பத்தான் போய் பாத்தேன் அண்ணே. எல்லாத்துலயும் ஒரே தண்டுதான். அப்ப எல்லாம் பிள்ளைதானா? தாய் கெடைக்காதா?

நத்தம் தோப்புக்காரன்:

கெடைக்கும், கொட்டையில இல்ல, குச்சியில. அந்த மரத்தோட கொம்புல இருந்து குச்சி எடுத்து உங்க கன்னு மேலயே ஒட்டுக் கட்டுங்க. கன்ன புடுங்கச் சொன்ன சாருக்கும் பதில் ஆச்சு, அந்தக் கன்னுதான் இப்ப உங்களுக்கு வேணும். வேர் பிள்ளையோடது, மேல காய்க்கிறது அம்மாச்சி மரம்.

ஆனா நாள் கம்மியா இருக்கு, இப்ப ஆடி பொறந்துருச்சு. பழைய முறையில நெருக்கு ஒட்டு கட்டுனா கன்னு தொட்டிய தாய்மரத்துக் கிட்டயே கொண்டு போய் கொம்போட சேத்துக் கட்டி, ஒட்டு சேர ரெண்டு மூணு மாசம் வச்சிருக்கணும், நெதம் தண்ணி ஊத்த ஆள் வேணும், உங்களுக்கு ஆவணில பத்திரம்னா அது ஆகாது. அதனால குச்சிய வெட்டி எடுத்துட்டு வந்து வீட்டுல ஒட்டுறதுதான் ஒரே வழி.

பாலமேட்டுக்கு ரெண்டு தடவ போக வேண்டியிருக்கும். மொத தடவ, நல்லா வெயில் படுற கொம்புல, இந்த வருசம் பூக்காத, காய்க்காத நுனியா பாத்து தேடுங்க. மூணு நாலு மாசம் வயசு, பென்சில் கனம், பச்சை மாறி லேசா முத்த ஆரம்பிச்சிருக்கணும், நுனி மொட்டு விரியாம இருக்கணும். அந்த நுனியில இருக்க எலைய மட்டும் காம்ப விட்டுட்டு கத்தரிச்சு விட்ருங்க, நுனி மொட்டு மேல கை படக்கூடாது. ஒரு வாரம் பத்து நாள்ல அந்தக் காம்பு தொட்டாலே உதிரும், மொட்டு கொஞ்சம் பொம்மும், அப்பத்தான் குச்சி ஒட்டுக்குத் தயார். அப்ப ரெண்டாந் தடவ போய் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில சுத்தி பாலிதீன் கவர்ல போட்டு கொண்டு வாங்க. அன்னைக்கே ஒட்டிட்டா நல்லது, மூணு நாலு நாள் தாங்கும், அதுக்கு மேல நம்பாதீங்க. நெறைய எடுத்துட்டு வாங்க, நாங்க கட்டுனாலே எல்லாம் புடிக்காது.

எலை உருவாம குச்சிய வெட்டிட்டு வந்து ஒட்டிப்புட்டு காஞ்சு போச்சு காஞ்சு போச்சுன்னு சொல்றவங்கதான் பாதி பேர்.

மொட்டமாடி விவசாயி:

அண்ணே ஒட்டுறது எப்பிடின்னு கொஞ்சம் சொல்லுங்க, நானும் கத்துக்கிறேன். மாடியில தொட்டியில நாட்டு மாங்கன்னு ஒண்ணு இருக்கு.

நத்தம் தோப்புக்காரன்:

கன்னு பென்சில் கனத்துக்கு வந்திருக்கணும், குச்சியும் அதே கனம். தரையில இருந்து ஒரு சாணுக்கு கொஞ்சம் மேல கன்னோட தலைய வெட்டிருங்க, கீழ நாலஞ்சு எலை கட்டாயம் இருக்கட்டும், மொட்டையடிச்சுறாதீங்க. வெட்டுன முனைய நடுவுல ரெண்டா பொளந்து ஒரு மூணு நாலு சென்டிமீட்டர் ஆழம் விடுங்க. குச்சியோட அடிய ரெண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பொளவுல எறக்குங்க. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல பச்சையா ஒரு ஓரம் தெரியும் பாருங்க, கன்னோடதும் குச்சியோடதும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் உக்காரணும். கனம் ரெண்டும் சமமா இல்லாட்டி நடுவுல வைக்காம ஒரு ஓரமா தள்ளி வைங்க. கத்தி புதுசா இருக்கணும், ஷேவிங் பிளேடு கூட போதும், ஒரே சீவல்ல வரணும், ராவி ராவி சீவுனா ஒட்டாது. அப்புறம் பாலிதீன் நாடாவால கீழ இருந்து மேல இறுக்கமா சுத்துங்க.

அடுத்ததுதான் நம்ம ஊருக்கு முக்கியம். ஒட்டுக்கு ஈரக்காத்து வேணும். மழைக்காலத்துல கட்டுறது அதுக்குத்தான். ஆனா மதுரையில ஆடின்னா அம்மி பறக்குற காத்து, மேக்க மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யும், நமக்கு வறண்ட காத்துதான் வரும், ஒட்டுன குச்சி ரெண்டே நாள்ல சருகாயிரும். அதனால பாக்கெட் ஐஸ் கவர் இருக்குல்ல, அந்த நீளமான கவர குச்சிக்கு மேல குல்லா மாதிரி மாட்டி ஒட்டுக்குக் கீழ கட்டி விடுங்க. தொட்டியா இருந்தா காத்து படாத நெழலுக்கு தூக்கிருங்க. செல்வி, உங்க போன வருச கன்னு மூணும் தரையில இருக்கறதால நாலு கம்பு நட்டு தென்னங்கீத்து இல்ல பச்ச வலை கட்டி மறைச்சிருங்க. கிட்டத்தட்ட மூணு வாரத்துல மொட்டு விரியும். எலை வெளிய வந்து கவர முட்டுறப்ப கவர எடுங்க, அதுக்கு முன்னாடி பிரிச்சு பிரிச்சு பாக்கக்கூடாது. நாடாவ ரெண்டு மூணு மாசம் கழிச்சு அவுத்து விடுங்க, விட்டா தண்ட வெட்டிரும்.

ஒட்டுக்குக் கீழ இருந்து எது துளிர்த்தாலும் கிள்ளிக்கிட்டே இருக்கணும். இத லேசா சொல்லிட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க, ஒட்டுக்கன்னு வாங்கி வச்சேன், கடைசியில நாட்டுப் புளிமாங்கா காய்ச்சுதுன்னு ஊர்ல பாதி பேர் நர்சரிக்காரன திட்டுறாங்கள்ல, அதுல பல பேருக்கு நடந்தது இதுதான், கீழ வந்த துளிர் வேகமா மேல ஏறி ஒட்டு செத்துப் போயிருக்கும், அவிய்ங்க கவனிச்சிருக்க மாட்டாய்ங்க. நெசமாவே ஏமாத்துறவனும் இருக்கான், அது வேற. கன்னு வாங்கும்போது அடித்தண்டுல ஒட்டு சேந்த முடிச்சு இருக்கா, எலையெல்லாம் அந்த முடிச்சுக்கு மேல இருந்து வருதான்னு குனிஞ்சு பாத்து வாங்கணும்.

மொத ரெண்டு மூணு வருசம் பூ வந்தா கிள்ளி விட்ருங்க. மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்க.

கரிசல்காட்டான்:

சரி, மாமர விசயத்துல நத்தத்துக்காரர் பேச்ச ஏத்துக்கிறேன். எலுமிச்சைக்கு வர்றேன். தங்கச்சி, எலுமிச்சைய விதையில போட்டதுக்கு யாரு திட்டுனாலும் காதுல வாங்காதீங்க. எலுமிச்சை கேரளா மாங்கா மாதிரி பல கரு உள்ளது, ஒரே விதையில ரெண்டு மூணு முளை வரும், அதுல வாட்டசாட்டமா ஒரே மாதிரி இருக்கறத வச்சுக்கிட்டு, சோங்கியா வேற மாதிரி எலையோட வர்றத கழிச்சிட்டா மிச்சம் பெரும்பாலும் தாயேதான். நம்ம பக்கம் எலுமிச்சைத் தோப்புல நெறைய விதைக்கன்னுதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில பிகேஎம் 1னு ஒரு எலுமிச்சை வெளியிட்டாங்க, கடையம் பக்கத்து எலுமிச்சையில இருந்து தேர்ந்தெடுத்தது, அதோட விதைக்கன்னு கெடைச்சா வாங்கலாம். விதையில போடுறதுன்னா பழத்துல இருந்து எடுத்த கையோட போடணும், காயவச்சு டப்பாவுல வச்சா முளைப்பு போயிரும்.

பூ வரலன்னு கேட்டீங்க. நட்டு எத்தன வருசம் ஆச்சுன்னு சொல்லல, விதைக்கன்னு 4, 5 வருசம் கழிச்சுத்தான் பூக்கும், அதுவரைக்கும் முள்ளுதான். அதுக்கு மேலயும் பூக்கலைன்னா நெழல்ல நிக்கிதா பாருங்க, இல்லன்னா யூரியா, சாணின்னு போட்டு கொழுக்க வச்சிருப்பீங்க. நல்லா வளந்த மரத்துக்கு கொஞ்ச நாள் தண்ணிய நிறுத்தி எலை லேசா துவளுறப்ப மறுபடி தண்ணி விட்டா பூ எடுக்கும், சின்னக் கன்னுக்கு இத செஞ்சுறாதீங்க. கொழுந்துல குருவி எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா அது எச்சம் இல்ல, பட்டாம்பூச்சி புழு, கையில எடுத்துப் போட்டுரலாம். எலையில காயில சொறி மாதிரி தடிச்சு சுத்தி மஞ்சளா இருந்தா சொறி நோய், அந்தக் கெளைய வெட்டி எரிச்சிட்டு காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கணும்.

வாடிப்பட்டி டீச்சர்:

பப்பாளிக்கு யாருமே பதில் சொல்லலையே. செல்வி, பப்பாளிய எல்லாருமே விதையிலதான் போடுறாங்க, அதனால பயப்படாம வைங்க, 9, 10 மாசத்துல காய் பறிக்கலாம். ஆனா நீங்க வாங்குன பழம் நீளமா, செவப்பு சதையா இருந்துச்சுன்னா அது அநேகமா ரெட் லேடி, அது ரெண்டு வேற செடிய கலந்து உண்டாக்குன வீரிய ஒட்டு ரகம், அதோட விதையில வர்ற மரம் அதே மாதிரி இருக்காது, ஒண்ணு நல்லா இனிக்கும் ஒண்ணு சப்புன்னு இருக்கும். வீட்டுக்குத்தானே, பரவால்ல. விக்கப் போறவங்கதான் ஒவ்வொரு தடவையும் புது விதை வாங்கணும்.

பப்பாளியில ஆண் மரம் பிரச்சினை பெருசு. கோ 2, கோ 8 மாதிரி ரகத்துல ஆண் தனி பெண் தனி, விதை போட்டா பாதிக்குப் பாதி ஆணா வரும். கோ 7, ரெட் லேடி மாதிரி ரகத்துல பெண் மரமும் வரும், ரெண்டும் சேந்த பூ பூக்குற மரமும் வரும், அது தனக்குத்தானே காய்ச்சுக்கும். நீளமான பழம் அந்த ரெண்டும் சேந்த பூவுல வந்தது, உருண்டை பழம் பெண் பூவுல வந்தது. அதனால நீளப் பழத்து விதைய எடுத்தா, அந்தத் தோட்டத்துல ஆண் மரம் இல்லாத பட்சத்துல, ஆணே வராது. கடையில வாங்குன பழத்துக்கு அந்தத் தோட்டத்துல என்ன இருந்துச்சுன்னு நமக்கு எங்க தெரியும்? அதனால ஒரு குழியில மூணு கன்னா வைங்க. பூத்த உடனே தெரிஞ்சிரும், ஆண் பூ நீளக் காம்புல கொத்துக் கொத்தா தொங்கும், பெண் பூ தண்ட ஒட்டி தனியா குண்டா அடியில பிஞ்சோட இருக்கும். அப்ப ஒரு குழிக்கு ஒண்ண விட்டுட்டு மத்தத வெட்டுங்க, விட்டு வைக்கிறது எல்லாமே தனிப்பெண்ணா இருந்தா மட்டும் கூட ஒரு ஆண விட்டு வைங்க. தோட்டத்துல 20 பெண்ணுக்கு ஒரு ஆண்னு கணக்கு சொல்லுவாங்க. பூக்கறதுக்கு முன்னாடி வேரப் பாத்து, எலையப் பாத்து ஆண் பெண் சொல்றேன்னு வர்றவங்கள நம்ப வேணாம்.

பப்பாளிக்கு தண்ணி தேங்கவே கூடாது, ஒரே நாள் நின்னாலும் தண்டு அடியில அழுகி சாஞ்சிரும், மேட்டுல மண்ணக் கூட்டி வைங்க. அடுத்து விதை போடுறப்ப விதைக்கு மேல இருக்க வழவழ பைய சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு போடுங்க, அது இருந்தா முளைக்க லேட்டாகும்.

வெள்ளையா பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தா உடனே விசத்த அடிக்காதீங்க. 2008ல கோயம்புத்தூர் பக்கம் அந்தப் பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்தையும் அழிச்சப்ப எந்த மருந்துக்கும் கட்டுப்படல, 2010ல பியூர்டோ ரிக்கோவுல இருந்து அத மட்டும் தின்னுற குட்டிக் குளவிய கொண்டு வந்து விட்டதுக்கு அப்புறந்தான் அடங்குச்சு. விசம் அடிச்சா அந்தக் குளவி மொதல்ல சாகும். தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, சோப்புத் தண்ணி, வேப்பெண்ணெய் போதும்.

கோச்சடை ஃபிளாட்வாசி:

நடுவுல நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன். பட்டர் ஃப்ரூட் கொட்டைய டம்ளர் தண்ணியில குச்சி குத்தி வச்சு முளைக்க வச்சிருக்கேன், பால்கனியில ரெண்டடி வளந்திருச்சு. காய்க்குமா?

வாடிப்பட்டி டீச்சர்:

எலை அழகா இருக்கும், பாத்துக்கிட்டு இருக்கலாம். அது தாண்டிக்குடி, கொடைக்கானல் கீழ்மலை குளிருக்குப் பழகுனது, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துல டிகேடி 1னு ரகமே விட்டிருக்காங்க, ஆனா நம்ம சித்திரை வெயில் 40 டிகிரிக்கு எலை ஓரம் கருகி நிக்கும். தொட்டியில, அதுவும் கொட்டையில வந்தது, காய எதிர்பாக்காதீங்க.

ஆனையூர் செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து வரைக்கும் அழுகையா வந்துச்சு, இப்ப வேலை வந்துருச்சு. மாமாகிட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை போறோம், எலை உருவிட்டு வந்துருவோம். ரெண்டு சந்தேகம். ஒட்டு எல்லாம் புடிச்சிருச்சுன்னா ரெண்டு சென்ட்ல எத்தன வைக்கலாம்? சீத்தா கொட்டைய என்ன பண்ண? அப்புறம் நத்தம் அண்ணே, இந்த வருச கவர் கன்னுலயும் ஒட்டலாமா, அது ரொம்ப மெலிசா இருக்கே.

நத்தம் தோப்புக்காரன்:

மெலிசா இருக்கறத இப்ப விட்ருங்க. கொட்டை முளைச்சு ரெண்டு வாரத்துல செம்பு கலர்ல இருக்கறப்பவே ஒட்டுறதும் உண்டு, ஆனா அதுக்கு கை பழகியிருக்கணும், உங்களோடது வைகாசில போட்டது, செம்பு கலர் இருந்தாலும் அந்த ரெண்டு வாரத்த தாண்டிருச்சு. போன வருச கன்னு மூணுலயும் கட்டுங்க. பக்கத்து நர்சரியில நாட்டு மாங்கன்னு பென்சில் கனத்துல ஒட்டுறதுக்குன்னே வச்சிருப்பாங்க, அதுல ஒரு அஞ்சாறு வாங்கி தொட்டியில வச்சு அதுலயும் கட்டிருங்க. மரம் ஒரு தடவ போனா போனதுதான், அதனால ஒரே எடத்துல நம்பிக்கைய வைக்காதீங்க, ஒண்ணு ரெண்ட மாமா வீட்டுலயோ வேற சொந்தக்காரங்க வீட்டுலயோ கொடுத்து வைங்க. கை நடுங்குனா ஒட்டுக்கட்டுற ஆள வீட்டுக்கே கூட்டிட்டு வாங்க, நத்தம், அழகர்கோவில் பக்கம் நர்சரியில வேலை பாக்குறவங்க வருவாங்க, கன்னுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிருவாங்க.

ரெண்டு சென்ட்ல மாமரம் ஒண்ணு. பேராசைப்பட்டா ரெண்டு, வருசா வருசம் காய் முடிஞ்ச உடனே கெளைய வெட்டி கவாத்து பண்ணி ஆள் உசரத்துக்கு மேல விடாம வச்சிருக்கணும். தோப்புல பழைய கணக்கு மரத்துக்கு மரம் 10 மீட்டர். வீட்டுச் சுவத்துல இருந்து நல்லா தள்ளி வைங்க. மீதி எடத்துக்கு பப்பாளி, எலுமிச்சை, சீத்தா சரியா இருக்கும். பலாவும் நாவலும் ஆசைப்படாதீங்க. பழமுதிர்ச்சோலையில சுட்ட பழமா சுடாத பழமான்னு அவ்வைகிட்ட முருகன் கேட்டதா சொல்ற நாவலப் பாத்துருப்பீங்கல்ல, அந்தச் சாதி மரம் ரெண்டு சென்ட்ல அடங்காது, கெளையும் சட்டுன்னு ஒடியும்.

உப்புத் தண்ணி மாங்கன்னுக்கு ஆகாது, எலை நுனி கருகும். ஐப்பசி மழைத் தண்ணிய தொட்டியில புடிச்சு வைக்க முடிஞ்சா கன்னு சின்னதா இருக்கற வரைக்கும் அத ஊத்துங்க. செம்மண்ணுல கரையான் வரும், குழியில வேப்பம்புண்ணாக்கு போட மறந்துறாதீங்க.

வாடிப்பட்டி டீச்சர்:

சீத்தாவ தாராளமா போடுங்க, விதையில வந்தாலும் தாய விட்டு ரொம்ப வெலகாது, 3, 4 வருசத்துல காய்க்கும், தண்ணி கம்மியா இருந்தாலும் தாங்கும், ஆடும் கடிக்காது. அழகர்மலை, சிறுமலை பக்கம் தானா முளைச்சு கெடக்குறதுதானே. கொட்டை கல்லு மாதிரி, ஒரு நாள் முழுக்க தண்ணியில ஊறப்போட்டு போடுங்க, முளைக்க ஒரு மாசத்துக்கு மேலயே ஆகும், முளைக்கலன்னு மண்ணக் கிண்டாதீங்க. நல்ல ரகம் வேணும்னா அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல வந்த ஏபிகே 1 ஒட்டு கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, சீத்தாக் கொட்டைய பொடி பண்ணி பேனுக்கு தலையில தேய்ப்பாங்க சில பேர், கண்ணுல பட்டா கருவிழியே புண்ணாயிரும். பிள்ளைக இருக்க வீடுன்னா கொட்டைய எட்டாத எடத்துல வைங்க.

கரிசல்காட்டான்:

தங்கச்சி, குச்சி எடுக்கப் போறப்ப எனக்கும் ஒரு நாலு குச்சி சேத்து எலை உருவி வைங்க. கொட்டையில வந்த நாட்டு மரம் ஒண்ணு வரப்புல நிக்கிது, காய் வாயில வைக்க முடியாது, அதுல கட்டிப் பாக்குறேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிறேன், என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க.

ஆனையூர் செல்வி:

தர்றேன் அண்ணே. ரெண்டாந் தடவ போறப்ப மொத நாள் இங்க எழுதுறேன், அன்னைக்கு சாயங்காலமே வந்து வாங்கிக்கங்க, ஈரத்துணி நீங்களும் கொண்டு வாங்க. மொட்டமாடி தம்பி, உங்களுக்கும் வேணுமா?

மொட்டமாடி விவசாயி:

ரெண்டு குச்சி சிஸ்டர். ஐஸ் கவர் நான் வாங்கிட்டு வந்துர்றேன்.